திசு வளர்ப்பு அறையா, ஈ அறையா? ஆய்வுப் படிப்புக்குப் பெங்களூரு வருவோருக்கு ஓர் ஒப்பீடு

உயிரியலில் முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு, கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆய்வுக்காகப் பெங்களூரு வர விரும்பும் மாணவர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு எழுதுகிறார்கள். தாவரத் திசு மீளுருவாக்கத்தை ஆராயும் ஆய்வகத்தில் சேர்வதா, பழ ஈ அல்லது உருளைப்புழு போன்ற முதுகெலும்பற்ற உயிர்களின் நரம்பு மண்டலத்தை ஆராயும் ஆய்வகத்தில் சேர்வதா என்பதே அது. கேட்பவர்களில் பலர் கல்லூரியிலேயே எம்.எஸ். எனப்படும் திசு வளர்ப்பு ஊடகம் கலக்கி, தூய காற்று வீசும் லேமினார் மேசையில் கை வைத்துப் பழகியவர்கள். கைப்பழக்கம் தாவரப் பக்கம் இருக்க, நரம்பறிவியல் மீதான ஈர்ப்பு அவர்களை மறுபக்கம் இழுக்கிறது.

இரண்டும் தோன்றுகிற அளவுக்குத் தொலைவான துறைகள் அல்ல. வெட்டுண்ட வேரின் செல் அடுத்து எதுவாக மாற வேண்டும் என்பதை எப்படி அறிகிறது என்று ஒரு துறை கேட்கிறது. அறுபட்ட நரம்பிழை மீண்டும் எங்கே போய் இணைய வேண்டும் என்பதை எப்படி அறிகிறது என்று மற்றத் துறையின் ஒரு கிளை கேட்கிறது. ஆனால் அன்றாட வேலையில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முனைவர் பட்டத்தின் ஐந்தாறு ஆண்டுகளை நிரப்பப்போவது அந்த அன்றாட வேலைதான் என்பதால், ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் காலம்: ஒரு சோதனையைத் தொடங்கியபின் அது வேலை செய்ததா இல்லையா என்று தெரிய எத்தனை நாள் ஆகும்? இரண்டாவது, தோல்வியின் தன்மை: சோதனை கெட்டால் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா? மூன்றாவது, உயிரிகளைப் பராமரிக்கும் சுமை. நான்காவது, பணமும் கருவிகளும். ஐந்தாவது, பட்டத்துக்குப் பின் கிடைக்கக்கூடிய வேலை.

உதவித்தொகையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனெனில் அது இரு பக்கமும் ஒன்றே. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப் படியும் என்பதே நடுவண் அரசின் அளவு. பெங்களூரு வாடகைக்கு அது போதுமா என்பது வேறு கதை; வளாக விடுதி கிடைக்கும் நிறுவனமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆர்வத்தையும் நான் சேர்க்கவில்லை. ஆர்வம் இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். நான் பார்த்தவரை, மாணவர்கள் பாதியில் சோர்ந்துபோவது பாடம் பிடிக்காமல் அல்ல, தங்கள் மனநிலைக்கு ஒவ்வாத வகைத் தோல்வியோடு ஆண்டுக்கணக்கில் வாழ நேர்வதால். ஆகவே இரண்டாவது அளவுகோலுக்கே கூடுதல் எடை தருகிறேன்.

## தாவரத் திசு மீளுருவாக்கம்

முருங்கைக் கொம்பை நட்டால் துளிர்ப்பதும், ரணகள்ளி இலையின் ஓரத்தில் கன்றுகள் முளைப்பதும் நாம் சிறுவயதிலிருந்து பார்ப்பவை. ஆய்வகத்தில் இதன் வரலாறு காட்லிப் ஹேபர்லாண்டிடம் தொடங்குகிறது. தாவரச் செல் ஒவ்வொன்றும் முழுச் செடியாகும் ஆற்றல் கொண்டது என்ற எண்ணத்தோடு 1902-இல் தனிச் செல்களை வளர்க்க அவர் முயன்றார். செல்கள் உயிரோடு இருந்தன, பிரிந்து பெருகவில்லை. 1957-இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் தண்டின் உட்சோற்றுத் திசுவைக் கொண்டு, தாவர ஹார்மோன்களில் ஆக்சின் மிகுந்தால் வேரும் சைட்டோகைனின் மிகுந்தால் தண்டும் தோன்றும், இரண்டும் இடைப்பட்ட விகிதத்தில் இருந்தால் உருவமற்ற கேலஸ் திசு பெருகும் என்று காட்டினார்கள். இன்றும் எல்லோரும் பயன்படுத்தும் முராஷிகே–ஸ்கூக் ஊடகம் 1962-இல் வந்தது. 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனம் ஒன்றின் மகரந்தப்பையை வளர்த்து, குரோமோசோம் தொகுதி பாதியாக உள்ள கருக்களைப் பெற்றது இத்துறைக்கு இந்தியா அளித்த பெரும் கொடை.

இவ்வளவு பழைய துறையில் இன்னும் கேட்க என்ன இருக்கிறது என்று சிலர் தயங்குகிறார்கள். அடிப்படைக் கேள்விகள் திறந்தது கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில்தான். கேலஸ் என்பது தன் அடையாளத்தை முற்றிலும் இழந்த வெற்றுத் திசு என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆய்வகங்களில் மாதிரித் தாவரமாகப் பயன்படும் அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியின் இலையிலிருந்தோ இதழிலிருந்தோ எடுத்த கேலஸ்கூட வேர் நுனியின் அமைப்பையும் மரபணு வெளிப்பாட்டையும் ஒத்திருக்கிறது என்று காட்டியது. அதாவது, செடி பின்னோக்கிப் போவதில்லை. பக்கவேர் உருவாக்கும் தன் பழைய வழியையே கடன் வாங்குகிறது. திருவனந்தபுரம் ஐசர் நிறுவனத்தில் காளிகா பிரசாத் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடுத்த கட்டத்தைத் தெளிவாக்கியது: பிளெத்தோரா குடும்பத்தின் சில மரபணுக்கள் முதலில் கேலஸுக்கு மீளும் தகுதியைத் தருகின்றன, பிறகு அதே மரபணுக்கள் வேறொரு வழியே தண்டு உருவாக்கத்தைத் தூண்டுகின்றன. வேர் நுனியை வெட்டினால் சில நாள்களில் புதிய நுனி வளர்கிறது, ஆனால் வெட்டு சற்றே மேலே தள்ளிப்போனால் வளர்வதில்லை என்ற பழைய கவனிப்புக்கும், இதே குடும்பப் புரதம் ஒன்று நுனியிலிருந்து மேலே போகப் போகக் குறைந்துகொண்டே செல்வது விடையாக அமைந்தது.

காலத்தைப் பார்ப்போம். அராபிடோப்சிஸ் விதையிலிருந்து விதைக்கு ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கிறது. வேர் நுனிச் சோதனை சில நாள்களில் முடிந்துவிடும். கேலஸ் வழியாகத் தண்டு எடுப்பதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். ஆனால் உங்களுக்கு வேண்டிய மரபணுவை ஏற்றி, அடுத்தடுத்த தலைமுறைகளில் தேர்ந்து, நிலையான வரிசை (மரபமைப்பு மாறாமல் தொடரும் வம்சம்) ஒன்றைக் கையில் பெற அரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். பயிர்த் தாவரங்களில் இது இன்னும் நீளும். மிளகாயும் பருப்பு வகைகளும் திசு வளர்ப்புக்கு எளிதில் இணங்காதவை என்பது இத்துறையினர் எல்லோரும் அறிந்தது. ஒரு ரகத்தில் அழகாக வேலை செய்த முறை, பக்கத்து ரகத்தில் ஒரு துளிர்கூடத் தராமல் போகும்.

தோல்வியின் தன்மை இங்கே கடுமையானது, ஏனெனில் அது தாமதமாக வருகிறது. மூன்றாவது வாரத்தில் தட்டுகள் பழுப்பேறினால், காயத்திலிருந்து கசிந்த பீனால் பொருள்களா, விதைமேல் கிருமிநீக்கம் செய்யப் பயன்படுத்திய மருந்தின் மிகையா, தாய்ச்செடி வெயிலில் வாடியிருந்ததா, ஹார்மோன் கரைசல் பழையதா என்று அந்த நேரத்தில் பிரித்தறிய வழியே இல்லை. திசுவுக்குள்ளேயே வாழும் நுண்ணுயிரிகள் மாதக்கணக்கில் அடங்கியிருந்து, நீங்கள் நம்பிக்கை வைத்த பிறகு வெளிப்படுவதும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சோதிக்க ஒவ்வொரு மாதம் வேண்டும். குறிப்பேட்டில் தேதி, தொகுதி எண், தாய்ச்செடியின் வயது என எல்லாவற்றையும் சலிக்காமல் எழுதுபவர்கள் இங்கே தப்பிக்கிறார்கள். நினைவாற்றலை நம்புகிறவர்கள் தப்பிப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு வளர்ப்பு அறை. ஊடகத்துக்கான வேதிப்பொருள்கள் விலை அதிகமில்லை. அகாரும் சர்க்கரையும்தான் அளவில் பெரியவை. ஆனால் 22 டிகிரியில், நாளுக்கு 16 மணி நேர ஒளியோடு, ஈரப்பதம் மாறாமல் ஓடும் அறை ஓயாமல் மின்சாரம் தின்னும். கோடையில் மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் தாமதித்தால் ஒரு முழுத் தொகுதி கைவிட்டுப் போகும். மழைக்காலத்தில் பூஞ்சை கூடும். நிறுவனத்தில் பொது வளர்ப்பு அறையே இருக்குமானால், அதில் உங்களுக்கு எத்தனை அடுக்குத் தட்டு ஒதுக்குவார்கள் என்பதே உங்கள் ஆய்வின் வேகத்தைத் தீர்மானிக்கும். கேலஸ் வழியே வந்த செடிகளில் தாமாகவே எழும் மரபு வேறுபாடுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1981 முதல் ஆவணப்படுத்தப்பட்டுவரும் இந்தச் சிக்கலால், உங்கள் மரபணுவின் விளைவு என்று நினைத்தது வளர்ப்பின் விளைவாக இருந்துவிடலாம்.

இதற்கு ஈடாக ஒரு பெரிய நிம்மதி உண்டு. விதைகள் காத்திருக்கும். உலர்த்திக் குளிரில் வைத்த அராபிடோப்சிஸ் விதை ஆண்டுக்கணக்கில் முளைக்கும் திறனோடு இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யாரும் உங்களுக்காக ஆய்வகத்துக்கு வர வேண்டியதில்லை.

## முதுகெலும்பற்றவற்றின் நரம்பு மண்டலம்

இந்தத் தலைப்பின்கீழ் வரும் உயிரிகள் பல. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் நரம்புத் துடிப்பின் கணிதத்தைக் கண்டறிந்தது கணவாய் மீனின் பெரும் ஆக்சானில், அதாவது நரம்பிழையில். ஏறத்தாழ 20,000 நியூரான்கள் (நரம்புச் செல்கள்) மட்டுமே கொண்ட ஏப்லிசியா என்ற கடல் நத்தையில் நினைவின் வேதியியலைக் கண்டதற்காக எரிக் காண்டெல் 2000-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தேனீயும் அந்துப்பூச்சியும் பெங்களூருவிலேயே ஆராயப்படுகின்றன. ஆனால் புதிதாகச் சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு: உருளைப்புழுவான சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ், பழ ஈயான டுரோசோஃபிலா. இவ்விரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

உருளைப்புழு. இருபாலுறுப்புப் புழுவுக்குச் சரியாக 302 நியூரான்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றின் இணைப்புகள் முழுவதையும் மின்னணு நுண்ணோக்கி வழியே வரைந்த படம் 1986-இல் வெளிவந்தது. முட்டையிலிருந்து முட்டையிடும் புழுவாக மூன்று நான்கு நாள் போதும். உடல் கண்ணாடிபோல் இருப்பதால், ஒளிரும் புரதம் ஏற்றிய நியூரானை உயிருள்ள புழுவிலேயே பார்க்கலாம். கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து, பல ஆண்டு கழித்து எழுப்பலாம். சிறு ஆய்வகம் தொடங்க ஸ்டீரியோ நுண்ணோக்கி, பிளாட்டினக் கம்பி, புழுவுக்கு உணவாக ஈ.கோலை பாக்டீரியா பூசிய அகார் தட்டுகள், சீரான வெப்பநிலை கொண்ட இன்குபேட்டர் ஆகியவை போதும் என்பதால், செலவில் இதைவிட எளிய நரம்பறிவியல் இல்லை.

மீளுருவாக்கத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இங்கே ஒரு வாசல் இருக்கிறது. நுண்ணிய லேசர் துடிப்பால் இப்புழுவின் ஒரே ஓர் ஆக்சானை அறுத்து, அது மீண்டும் வளர்வதை உயிரோடு பார்க்கலாம் என்று 2004-இல் காட்டினார்கள். டி.எல்.கே-1 என்ற கைனேஸ் வகை நொதி இல்லாவிட்டால் அந்த வளர்ச்சி நின்றுபோகிறது என்பது 2009-இல் தெளிவானது. அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் இந்த வகை ஆய்வு நடக்கிறது. ஓர் எல்லையை நினைவில் கொள்ளுங்கள்: புழு அறுந்த இழையைச் சரிசெய்துகொள்ளும், இழந்த நியூரானை மறுபடி உண்டாக்காது. வளர்ந்த புழுவின் உடற்செல்கள் பிரிவதில்லை.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. முழு இணைப்புப் படமும் கையில் இருந்தும், நாற்பதாண்டாகப் புழுவின் நடத்தையை அதிலிருந்து முழுமையாகக் கணித்துவிட முடியவில்லை. நியூரான்கள் இணையும் சினாப்ஸ்களைத் தாண்டிப் பரவும் நியூரோபெப்டைடு என்ற சமிக்ஞைப் பொருள்களும், சூழலுக்கேற்ப மாறும் இணைப்பு வலிமையும் அந்தப் படத்தில் இல்லை. இப்புழுவுக்கு மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் கால்வாய்களே இல்லை என்பதால், இங்கே கற்பதை மற்ற உயிரிகளுக்கு அப்படியே நீட்டவும் முடியாது. "302 தானே, எளிதாக இருக்கும்" என்று வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

பழ ஈ. 25 டிகிரியில் ஏறத்தாழப் பத்து நாளில் ஒரு தலைமுறை. 2023-இல் இளவுயிரி மூளையின் 3,016 நியூரான்களின் இணைப்புப் படமும், 2024-இல் வளர்ந்த பெண் ஈயின் 1,39,255 நியூரான்களின் படமும் வெளிவந்தன. 1993-இல் அறிமுகமான கால்4–யு.ஏ.எஸ். முறையால், வேண்டிய சில நியூரான்களை மட்டும் எழுப்பவோ அணைக்கவோ முடியும். வாசனை அறிதல், உறக்கம், உடற்கடிகாரம், காதல் சடங்கு, நினைவு எனக் கேள்விகளின் பரப்பு புழுவினும் பன்மடங்கு அகலம்.

சுமையும் அதே அளவுக்கு அகலம். ஈ வரிசைகளைப் புழுவைப்போல் உறையவைத்து மறந்துவிட முடியாது. உறைபதன முறைகள் வெளிவந்திருந்தாலும் அன்றாட ஆய்வகங்களில் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு வரிசையையும் சில வாரத்துக்கு ஒருமுறை புதிய குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான வரிசைகள் வைத்திருப்பவரின் வாரத்தில் ஒரு நாள் இதற்கே போய்விடும். கலப்புக்காக, இன்னும் இணைசேராத கன்னி ஈக்களைப் பொறுக்கக் காலையும் மாலையும் வர வேண்டும். ஈ உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வெளிவருவதில்லை. சிலந்திப்பூச்சி வகை உண்ணிகள் ஈ அறைக்குள் புகுந்துவிட்டால் முழு அறையையும் பிரித்துவைத்துச் சுத்தம் செய்ய மாதங்கள் ஆகும். உணவு பெரும்பாலும் சோளமாவும் ஈஸ்டும் சர்க்கரையும் அகாரும். ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் நீண்டகாலமாக நடக்கும் ஈப் பரிணாம ஆய்வுகளில் வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் உணவும் பயன்படுகிறது. சமையலறை வாடையும் புளித்த வாடையும் கலந்த அந்தக் காற்று எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

தோல்வியின் தன்மை இங்கே வேறு. பதில் விரைவாக வரும். ஆனால் அது ஆம் என்றோ இல்லை என்றோ வராமல், மங்கலாக வரும். நடத்தைச் சோதனை நாளின் எந்த நேரத்தில் செய்தீர்கள், அறையின் ஈரப்பதம் என்ன, ஈக்களின் வயது என்ன, மரபுப் பின்னணி சரியாக ஒத்திருந்ததா என எல்லாவற்றுக்கும் முடிவு வளைந்துகொடுக்கும். நேற்று இருந்த வேறுபாடு இன்று இருக்காது. எண்ணிக்கையைக் கூட்டி, யார் எந்த வரிசை என்று தெரியாமல் மதிப்பிட்டு, புள்ளியியலோடு பொறுமையாகப் போராட வேண்டும். தாவர ஆய்வில் துளிர் வந்ததா என்பதை அறைக்கு வரும் விருந்தினர்கூடச் சொல்லிவிடுவார். ஈயின் நினைவு கூடியதா என்பதைச் சொல்ல உங்களுக்கு நூற்றுக்கணக்கான ஈக்களும் ஒரு நல்ல பகுப்பாய்வு நிரலும் வேண்டும். பைத்தானில் நிரல் எழுதத் தயங்குபவர்களுக்கு இன்றைய நடத்தை ஆய்வகம் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே போகிறது.

மறைந்திருக்கும் பெரிய செலவு நுண்ணோக்கி. நியூரான்கள் உயிரோடு துடிப்பதைப் படம்பிடிக்கும் இரட்டை ஃபோட்டான் கருவிகள் கோடிகளில் விலை போகின்றன. பெரும்பாலான இடங்களில் அவை பொதுப் பயன்பாட்டில் இருப்பதால், மணிக்கணக்குக் கட்டணமும் இரவு நேர முன்பதிவும் உங்கள் வாழ்க்கையின் பகுதியாகிவிடும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | தாவர மீளுருவாக்கம் | உருளைப்புழு | பழ ஈ |
|---|---|---|---|
| ஒரு தலைமுறை | 6–8 வாரம் (அராபிடோப்சிஸ்). பயிர்களில் மாதங்கள் | 3–4 நாள் | சுமார் 10 நாள் |
| சேமிப்பு | விதையாக ஆண்டுக்கணக்கில் | உறைநிலையில் ஆண்டுக்கணக்கில் | தொடர்ந்து குப்பி மாற்ற வேண்டும் |
| விடுமுறைச் சுதந்திரம் | நன்று | நன்று | குறைவு |
| முடிவின் தெளிவு | கண்ணுக்குத் தெரியும், தாமதமாக | ஒற்றைச் செல் அளவில் தெளிவு | புள்ளியியலைச் சார்ந்தது |
| பெரிய செலவு | வளர்ப்பு அறை, மின்சாரம் | படமெடுக்கும் கருவி, லேசர் | படமெடுக்கும் கருவி, ஆள்நேரம் |
| அடிக்கடி வரும் இடர் | பூஞ்சை, ரகத்துக்கு ரகம் மாறும் இணக்கம் | தட்டுகளில் வேற்றுக் கிருமி | உண்ணிகள், வரிசைகள் கலந்துபோதல் |
| ஆய்வகத்துக்கு வெளியே வேலை | விரிவு | குறைவு | குறைவு |

அனுமதிகளில் பெரிய வேறுபாடு இல்லை. மரபணு மாற்றிய உயிரி எதுவாக இருந்தாலும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எலிகளுக்குத் தேவைப்படும் விலங்கு அறநெறிக் குழுவின் அனுமதி ஈக்கும் புழுவுக்கும் தேவையில்லை என்பதால், நரம்பறிவியலுக்குள் அவை விரைவான வழி. வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்கத் தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளங்கள் அமைப்பின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இதற்கான காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பெங்களூரு எந்தப் பக்கம் சாய்கிறது

ஊரைப் பொறுத்தவரை தராசு நரம்பறிவியல் பக்கமே தாழ்கிறது என்பேன். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஒபைத் சித்திக்கியே பழ ஈயின் மணமறிதலை ஆராய்ந்தவர். வெரோனிகா ரோட்ரிக்ஸ் அந்த மரபை வளர்த்தார். இன்றும் அங்கே ஈயும் தேனீயும் அந்துப்பூச்சியும் ஆராயப்படுகின்றன. அதே வளாகத்தில் உள்ள சி-கேம்ப் மையத்தில் மரபணு மாற்றிய ஈக்களைச் செய்து தரும் வசதி இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் உருளைப்புழு நரம்பியல், ஜக்கூரில் ஈயின் உடற்கடிகாரம் எனப் பக்கத்துப் பக்கத்தில் உதவி கேட்க ஆள்கள் இருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உடற்கடிகார ஆய்வை வளர்த்த எம்.கே. சந்திரசேகரன் பின்னர் ஜக்கூருக்கு வந்து அங்கும் அதற்கு வேர் ஊன்றினார் என்பதை மதுரைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஒரு வரிசை செத்துவிட்டால் அன்று மாலையே பேருந்தில் போய் இன்னொரு குப்பி வாங்கிவர முடிகிற ஊர் நாட்டில் அதிகமில்லை.

தாவரப் பக்கம் ஆளில்லை என்று பொருளல்ல. இந்திய அறிவியல் கழகத்தில் இலை உருவாக்கத்தின் மரபியல் ஆழமாக ஆராயப்படுகிறது. வேளாண் பல்கலைக்கழகமும் ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் பயிர்களில் வலுவானவை. ஆனால் மீளுருவாக்கத்தின் அடிப்படைக் கேள்வியையே மையமாகக் கொண்டவர்கள் திருவனந்தபுரத்தையும் புணேவையும்கூட விண்ணப்பப் பட்டியலில் வைக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு தராசு மாறுகிறது. பெங்களூருவையும் ஓசூரையும் சுற்றிப் பூச்செடி, வாழை, ஆர்க்கிட் கன்றுகளை உற்பத்தி செய்யும் வணிகத் திசு வளர்ப்புக் கூடங்களும் விதை நிறுவனங்களும் உள்ளன. தமிழ்நாட்டு உழவர்கள் வாங்கும் ஜி-9 வாழைக்கன்று இப்படி வளர்வதுதான். சம்பளம் தொடக்கத்தில் மிதமானதே என்றாலும் வேலை உண்டு. மேலும், வெளி மரபணு எதுவும் எஞ்சாத சில வகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான சில விதிகளிலிருந்து 2022-இல் நடுவண் அரசு விதிவிலக்கு அளித்தது. 2025 மே மாதத்தில் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. திருத்திய ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை எடுக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இந்தத் தொழில்நுட்பம் ஓர் அடியும் நகராது. பல பயிர்களில் இன்றைய முட்டுக்கட்டையே அதுதான். ஈ, புழு ஆய்வில் பட்டம் பெற்றவர்களின் வழி பெரும்பாலும் வெளிநாட்டு முதுமுனைவர் ஆய்வு, நுண்ணோக்கி மையப் பணி, தரவுப் பகுப்பாய்வு என்று போகிறது. கடைசியாகச் சொன்னதற்கு இந்த ஊரில் சம்பளம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு ஈ எதுவும் தேவையில்லை.

## மூன்றாவது வழி ஒன்று

இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்குப் பிளனேரியா என்ற தட்டைப்புழு இருக்கிறது. தலையை வெட்டினால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மூளையும் கண்களும் சேர்ந்த புதிய தலை வளரும். உடலெங்கும் பரவிக்கிடக்கும் நியோபிளாஸ்ட் என்ற பிரியும் செல்களே இதற்குக் காரணம். கதிர்வீச்சால் தன் நியோபிளாஸ்ட்களை இழந்த புழுவுக்கு ஒரே ஒரு நியோபிளாஸ்டைச் செலுத்தி அதைப் பிழைக்கவைக்க முடிந்தது என்று 2011-இல் காட்டினார்கள். பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தில் இப்புழு ஆராயப்படுகிறது. செடியின் மீளும் ஆற்றலும் விலங்கின் நரம்பு மண்டலமும் ஓருடலில் கூடிய உயிரி என்று இதைச் சொல்லலாம். குறை என்னவென்றால், ஈக்கும் உருளைப்புழுவுக்கும் இருப்பதுபோல் நிலையான மரபணு மாற்ற வரிசைகளைச் செய்யும் முறை இதில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆர்.என்.ஏ.-வை உணவோடு கலந்து கொடுத்து, ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்ற முறையால் மரபணுவை அடக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு நியூரானை மட்டும் எழுப்புவது, அணைப்பது போன்ற நுண்வேலைகளுக்கு இது இன்னும் தயாராகவில்லை. நரம்புச் சுற்றுகளைப் புரிந்துகொள்வதே உங்கள் நோக்கமானால் இங்கே வராதீர்கள். மூளை எப்படிக் கட்டப்படுகிறது என்பது நோக்கமானால் இதைவிடச் சிறந்த இடம் அரிது.

## யாருக்கு எது

முடிவுக்காக வாரங்கள் காத்திருக்க முடிந்து, அந்த வாரங்களில் வேறு மூன்று சோதனைகளை அடுக்கிவைத்து ஓட்டத் தெரிந்தவராகவும், பட்டத்துக்குப் பின் இந்தியாவிலேயே, இயன்றால் தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்று நினைப்பவராகவும் நீங்கள் இருந்தால், தாவர மீளுருவாக்கம் உங்களுக்குப் பொருந்தும். குடும்பப் பொறுப்பால் அடிக்கடி ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கும் இது ஈயைவிட எளிது.

ஒரு யோசனை தோன்றினால் அடுத்த வாரமே அதைச் சோதித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு உள்ளவர்களுக்கு உருளைப்புழு. கையில் நுண்வேலைத் திறன் இருந்தால் அது இங்கே நன்கு பயன்படும். ஆய்வகம் புதிது, பணம் குறைவு என்ற நிலையிலும் இதையே பரிந்துரைப்பேன்.

நடத்தையை, நினைவை, உறக்கத்தைப் பற்றி உண்மையிலேயே கேள்விகள் வைத்திருப்பவர்களுக்கும், கணினியில் அமர்ந்து பகுப்பாய்வு செய்வது பிடித்தவர்களுக்கும் பழ ஈ. வெறும் "நரம்பறிவியல்" என்ற பெயருக்காக ஈ அறைக்குள் நுழைபவர்கள், முதல் ஆண்டிலேயே குப்பி மாற்றுவதில் வெறுத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## சேருமுன் கேட்க வேண்டியவை

நேர்முகத் தேர்வு முடிந்ததும் பேராசிரியரிடம் அல்ல, அங்குள்ள மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள். தாவர ஆய்வகமானால், வளர்ப்பு அறையில் ஆளுக்கு எவ்வளவு இடம், சென்ற மழைக்காலத்தில் எத்தனை தட்டுகள் பூஞ்சையால் போயின, அவர்கள் பயன்படுத்தும் ரகத்தில் மீளுருவாக்க முறை ஏற்கெனவே நிலைபெற்றதா அல்லது அதை நிலைநாட்டுவதே உங்கள் ஆய்வா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் விடை "உங்கள் ஆய்வு" என்று வந்தால் இரண்டு ஆண்டைக் கூடுதலாகக் கணக்கிடுங்கள். ஈ ஆய்வகமானால், பொது வரிசைகளை மாற்றப் பணியாளர் இருக்கிறாரா, உணவைச் சமைப்பது யார், படமெடுக்கும் கருவி சொந்தமா பொதுவா என்று கேளுங்கள். புழு ஆய்வகமானால் லேசர் எப்போது கடைசியாகச் சீரமைக்கப்பட்டது என்ற ஒரே கேள்வி பெரும்பாலும் போதும்.

முடிந்தால் முதுநிலையின் கடைசிப் பருவத்து ப்ராஜெக்டை, நீங்கள் தேர்ந்தெடுக்கத் தயங்கும் துறையில் செய்து பாருங்கள். ஆறு மாதத்தில் புழுவில் ஒரு சிறு கேள்விக்கு விடை காணலாம், ஈயில் ஒரு கலப்பினத் தொடரை முடிக்கலாம். அராபிடோப்சிஸில் வேர் நுனிச் சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டால் முடியும், கேலஸிலிருந்து செடி எடுத்து ஆராயும் திட்டமானால் முடியாது. அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் வழிகாட்டியிடம் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.